விளக்கும் கறளும்

ஒருவர் செய்த உதவிக்கு யாரிடம் கைம்மாறு செய்வது? உதவியவரிடமே செய்வது என்பது உலகம் அறிந்த விடை. உதவியவர் இன்னார் என்று தெரியாதபோது என் செய்வது? உதவியவர் ஒருவரல்லர், ஊரும் பேரும் அறியாத ஆயிரவர் என்னும்போது என் செய்வது? இவ்வினா அறநூல் ஆராய்வோர்க்கு மாத்திரம் உரியதன்று. பொதுமக்கள் பணத்திலே கற்று, பொதுமக்கள் பணத்திலே சம்பளமும் பெறுகின்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருநாளாவது தம்மைத் தாமே கேட்டிருக்க வேண்டிய வினா இது.

எமக்கு இவ்வினா ஏட்டிலிருந்து எழவில்லை. ஒரு பழைய மோட்டார் வண்டியிலே, விரல் நுனியளவான ஒரு மின்குமிழ் எரியாது போனதிலிருந்து எழுந்தது. சிறிய செய்திதான். எனினும் சிறிய செய்திகளிலே பெரிய உண்மைகள் தங்கியிருப்பதுண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

நல்லூரிலே எமது வீட்டு மாமரத்தின் கீழ் நிற்பது 1958ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் வண்டி. எமது பேரனார் வாங்கியது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே உற்பத்தியாயிற்று. மொத்தம் பதினாறு இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. யாழ்ப்பாணத்து வீதிகளிலே மொரிசும் ஒஸ்ரினும் இன்றும் ஓடுகின்றன. ஆசைக்காக அவற்றை வைத்திருப்போர் சிலர். வேறு வண்டி வாங்க வழியில்லாமையால் வைத்திருப்போர் பலர். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 மாசியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

வண்டியின் முகப்புப் பலகையின் நடுவிலே வட்டமான மானி ஒன்று உண்டு. வேகத்தைக் காட்டும் முள்ளும், பெற்றோலின் அளவைக் காட்டும் முள்ளும் அதனுள்ளேயே இருக்கின்றன. இரவிலே அவற்றுக்கு ஒளி தருவது மானியின் பின்புறத்திற் சொருகப்பட்ட சின்னஞ்சிறு மின்குமிழ். முன் விளக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 வாட் வலுவோடு ஒளிர, இதன் வலு 2.2 வாட் மாத்திரமே. முன் விளக்கு வீதியைக் காட்டும். இது வண்டியின் நிலையை ஓட்டுபவருக்குக் காட்டும். வெளியே ஒளி வீசும் விளக்கு அணைந்தால் ஊரார் சொல்வர், பொலிசார் மறிப்பர். உள்ளே எரியும் விளக்கு அணைந்தால் ஒருவரும் கேட்பதில்லை. நாமும் பல மாதம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

2022ஆம் ஆண்டு ஆவணி மாதம். நாடு வங்குரோத்து அடைந்து, எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்று களைத்திருந்த காலம். அம்மாதந்தான் எரிபொருள் அட்டை முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது; கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர். நெல்லியடியிலே ஒரு செத்தவீட்டுக்குப் போய் இரவிலே திரும்பிக்கொண்டிருந்தோம். தொண்டைமானாற்று நீரேரியை அடுத்த வல்லை வெளியிலே வண்டி இருமுறை விக்கி நின்றுவிட்டது. தீக்குச்சி கொளுத்தி மானியைப் பார்த்தால் பெற்றோல் முள் அடியிலே படுத்திருந்தது. அந்தப் பெருவெளியின் காற்றை அறிந்தவர்க்கு அந்நேரத்து எமது நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரைமணி நேரத்தின் பின் மோட்டார்ச் சைக்கிளிலே ஓர் இளைஞர் வந்தார். கேளாமலே நிறுத்தினார். தமது வண்டியின் எரிபொருட் குழாயைக் கழற்றி, ஒரு போத்தலிலே அரை லீற்றர் பெற்றோலை வடித்துத் தந்தார். கிழமைக்கு 4 லீற்றர் பெறும் ஒருவர் தமது பங்கிலே எட்டிலொன்றை முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கின்றார். நாம் பணத்தை நீட்டினோம். அவர் சிரித்தார்.

“இதுக்கும் காசோ அண்ணை? நாளைக்கு நான் ஓரிடத்திலை நிண்டால் ஆரும் தருவினந்தானே” என்றார்.

பெயரைக் கேட்கு முன்னரே அவர் போய்விட்டார். வண்டி அவ்வெளியைக் கடந்து வீடு வந்தது. அவருடைய சொல் மட்டும் எம்மைவிட்டுப் போகவில்லை. நாளை அவருக்குத் தரப்போவது நாமல்லோம். வேறொருவர். அவ்வாறாயின் எமது கடன் எங்கே தீர்கின்றது?

நிற்க. விளக்கைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எமக்கு வந்தது. படித்தவர் செய்வதையே நாமும் செய்தோம்: எரியாதது குமிழ்தான் என்று முடிவுகட்டிப் புதுக் குமிழ் வாங்கிப் பூட்டினோம். இரண்டு நாள் எரிந்தது, பின்பு மங்கிற்று, பள்ளத்திலே விழுந்தெழுந்தால் மினுங்கிற்று, பின்பு அணைந்தது. இன்னுமொரு குமிழ் வாங்கினோம். அதுவும் அவ்வாறே. இரண்டுக்கும் கடைக்காரர் சொன்ன விலையைப் பேசாமற் கொடுத்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் புதுவகை எல்.ஈ.டி. குமிழ் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அது ஒரு கணமேனும் எரியவில்லை. ஈற்றிலே, கல்வியங்காட்டுப் பக்கத்திலே பழைய வண்டிகள் திருத்தும் ஒரு முதியவரின் கராச்சுக்கு வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் முதலிலே குமிழைத் தொடவில்லை. நீளமான வயர்த் துண்டொன்றை எடுத்தார். அதன் ஒரு நுனியை குமிழ் சொருகியிருந்த தகரத் தாங்கியிலே பிடித்தார். மறுநுனியைக் கதவருகே சாயம் போன வெறும் இரும்பிலே தொட்டார். பழைய குமிழ் பளிச்சென்று எரிந்தது.

“பல்ப்பிலை பிழையில்லை மாஸ்ரர். போற கறண்ட் ஒழுங்காத்தான் போகுது. திரும்பி வாற வழிதான் அடைபட்டுப் போச்சு” என்றார்.

இங்கே மின்சுற்றின் இயல்பைச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டு விளக்குக்கு மின்சாரம் ஒரு கம்பியிலே வந்து மறு கம்பியிலே திரும்புகின்றது. இவ்வகை வண்டியிலோ பெரும்பாலான விளக்குகளுக்கு ஒரு கம்பியே உண்டு. திரும்பும் வழி வண்டியின் உடலேதான். முன் விளக்கு, பின் விளக்கு, மானி விளக்கு யாவும் தமக்கு வந்த மின்சாரத்தை அந்தப் பொதுவான இரும்பினூடாகவே மின்கலத்துக்குத் திருப்பியனுப்புகின்றன. கராச்சிலே இதனை ‘ஏர்த்’ என்பர். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளிலே மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும்; இக்காலத்து வண்டிகளிலே எதிர்முனை. இக்கால வண்டிக்கெனச் செய்யப்பட்ட எல்.ஈ.டி. குமிழ் எமது வண்டியில் எரியாமைக்குக் காரணம் அதுவே. மானியின் தகரக் கூடு உடலைத் தொடும் இடத்திலே, அறுபது ஆண்டுச் சோளகமும் வாடையும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்க, கறள் படர்ந்திருந்தது. கடதாசியளவான அந்தக் கறளே ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் அவர் காட்டினார். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் சும்மா இராது; அயலிலுள்ள வேறொரு விளக்கின் இழையினூடாகத் திரும்பப் பார்க்கும். அப்போது இரண்டு விளக்கும் மங்கும். வேறொரு விளக்கைப் போடும்போது மானி விளக்கு ஏன் மினுங்கிற்று என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மானியைப் பலகையிலிருந்து வெளியே எடுத்து, புரியாணி ஒவ்வொன்றையும், அவை பதியும் இடம் ஒவ்வொன்றையும் சுரண்டித் தேய்த்து, கூட்டிலிருந்து உடலுக்குப் புதிதாக ஒரு வயரும் போட்டு முடிக்க மூன்று மணி நேரம் சென்றது. மூவாயிரம் ரூபா கேட்டார். எமது வாய் எம்மையறியாமலே திறந்தது:

“ஒரு பல்ப்கூட மாத்தேல்லையே அண்ணை?”

அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்தபடி சொன்னார்: “மாத்தியிருந்தால் அது கடைக்காரன்ரை காசு மாஸ்ரர். மாத்தாமல் எரிய வைச்சதுக்குத்தான் எனக்கு.”

கேட்டதை முழுமையாகக் கொடுத்தோம். ஆனால் கேட்ட வாய் கேட்டதுதான். மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது 1867இல். பொருளின் மதிப்புக்கு மனித உழைப்பே ஊற்று என்பதை மேடையிலும் வகுப்பிலும் எடுத்துரைத்துக் கைதட்டல் பெற்றவர் நாம். அந்த உழைப்பு, எண்ணெய் படிந்த கையோடு எம்முன்னே வந்து நின்று தன் கூலியைக் கேட்டபோது, எமக்கு ஒரு குமிழாவது கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது! பொருளுக்குப் பேரம் பேசாமற் கொடுக்கின்றோம். அறிவோடு கூடிய உழைப்புக்குக் கணக்குக் கேட்கின்றோம். மூன்று மணி நேரம் நாம் பாடம் சொல்லிவிட்டு வரும்போது, ‘ஒரு புத்தகமும் தரவில்லையே, எதற்குச் சம்பளம்?’ என்று எம்மை ஒருவரும் கேட்பதில்லை. கைத்தொழில் தாழ்ந்தது, எழுத்துத்தொழில் உயர்ந்தது என்று சாதி வகுத்த பழைய கணக்கு எமது நரம்பிலே இன்னும் ஓடுகின்றது என்பதையன்றி இதற்கு வேறு விளக்கம் எமக்குத் தெரியவில்லை.

இனி வினாவுக்கு வருவோம். வள்ளுவர் ‘செய்ந்நன்றியறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ‘ஒப்புரவறிதல்’ என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னையது உதவியவரை மறவாமை. பின்னையது ஊருக்கு உதவி வாழ்தல். இரண்டும் தனித்தனி அறங்கள் என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். வல்லை வெளி இளைஞரின் சொல்லும் கராச்சு முதியவரின் வயரும் அவ்விரண்டையும் ஒரு சுற்றாக இணைத்துக் காட்டின. வந்த கம்பி வழியே மின்சாரம் திரும்புவதில்லை. பொது உடலின் வழியே திரும்புகின்றது. பெற்ற நன்மையும் அவ்வாறே. தந்தவரைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க முடியாதவையே எமது வாழ்விலே மிகுதி. அவற்றுக்குத் திரும்பும் வழி சமுதாயம் ஒன்றே.

எமக்கு எழுத்தறிவித்த ஒளியை எண்ணிப் பார்க்கின்றோம். 1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலங்களும் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரி கோத்துக் கொளுத்திய விளக்கிலே நாம் அரிச்சுவடி படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோ மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டனர் பெரியோர். எமது மொரிஸ் வண்டியும் மண்ணெண்ணெயிலேயே ஓடிற்று. சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தைக் கராச்சுத் தொழிலாளர் கையாண்டனர். காயம்பட்டோரும் பிள்ளைப்பேற்றுக்குரியோரும் அவ்வண்டிகளிலே ஆஸ்பத்திரிக்குப் போயினர். அந்த மண்ணெண்ணெயிலும் ஒரு பகுதி, கிளாலிக் கடனீரேரியை இரவிலே உயிரைப் பணயம் வைத்துக் கடந்தோரின் தோளிலே வந்தது. அவர்களுள் ஒருவரையேனும் நாம் அறியோம்.

இக்காலத்தைத் தற்சார்பின் பொற்காலம் என்று இன்று புகழ்வோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். மருந்தும் வெளிச்சமும் மக்களுக்கு மறுக்கப்பட்டமை கொடுமை. 1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டுப் பெயர்ந்தமையும் கொடுமை. தொழிலாளரின் திறமையைப் புகழ்வது வேறு. அத்திறமையை நிர்ப்பந்தித்த கொடுமையைப் புகழ்வது வேறு. நாம் சொல்ல வருவது ஒன்றே: எமது முதல் எழுத்தின்மீது விழுந்த ஒளி பலருடைய உழைப்பிலிருந்து வந்தது.

கம்பி அதற்கப்பாலும் நீள்கின்றது. இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945 ஐப்பசி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் பெயரை நன்றியோடு சொல்கின்றோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அத்திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அந்நாளிலே அரசின் வருவாய்க்கு ஆதாரமாய் நின்றது தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதி. அத்தேயிலையைக் கிள்ளிய மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948இன் சட்டம் பறித்தது. அவர்களுடைய தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். பிறர் பிள்ளைகள் பட்டதாரிகளாக, தம் பிள்ளைகளுக்கு ஒற்றை அறைப் பள்ளியே கதியாக, அவர்கள் கொழுந்து கிள்ளினர். எமது பட்டச் சான்றிதழின் பின்புறத்திலே அவர்களுடைய கைரேகை இருக்கின்றது.

இனிச் சொல்லப்போவது எளிதன்று. எமது முதல் நியமனம் நுவரெலியா மாவட்டத்திலே ஒரு பாடசாலைக்குக் கிடைத்தது. சாதாரண தர வகுப்புக்குத் தமிழ் கற்பித்தோம். குளிரும் தனிமையும் கடினம் என்றோம். ஊரிலே பெற்றோர் முதுமை எய்தினர் என்றோம். இரண்டும் பொய்யல்ல. எனினும், உரிய காலம் முடியுமுன்னரே, செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்து இடமாற்றம் பெற்று ஊருக்கு ஓடி வந்தோம் என்பதே முழு உண்மை. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. எமது இடத்துக்கு அவ்வாண்டு ஒருவரும் வரவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் தமிழ் ஆசிரியரின்றிப் பரீட்சைக்குப் போயினர். அவர்களுள் ஒருத்தி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை நாம் பதில் எழுதவில்லை. திரும்பும் வழியிலே படிந்த கறள் வேறெங்கோ இல்லை. எமது கையொப்பத்திலேயே இருந்தது.

சிலர் இவ்விடத்திலே மறுப்புக் கூறுவர். ‘சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் என்பது மேடைப் பேச்சு. சமுதாயம் என்பது யார்? அதன் கையிலே கொடுப்பது எப்படி?’ இம்மறுப்பிலே உண்மை உண்டு. பொது உடல் என்று பொதுப்படச் சொல்லி, எதிரே நிற்பவரின் கூலியைக் குறைக்கும் வஞ்சகம் நம்மிடையே இல்லாமலில்லை. மூவாயிரம் ரூபாவுக்கு வாய் திறந்த நாமே அதற்குச் சான்று. கூலி வேறு, கைம்மாறு வேறு. செய்த வேலைக்குரிய கூலியைச் செய்தவர் கையிலே உடனே கொடுத்தல் வேண்டும். அதற்குச் சமுதாயத்தைச் சாட்டுதல் களவு. கூலியால் அளக்க முடியாத கடனே பொது உடலின் வழியே திரும்ப வேண்டியது.

அந்தக் கடனுந்தானும் அந்தரத்திலே திரும்புவதில்லை. வண்டியின் உடல் பெரிது. ஆனால் கறள் பிடிப்பது புரியாணி பதியும் குறித்த சில இடங்களிலேதான். அவ்விடங்களைப் பெயர் சொல்லிக் காட்டலாம். ஆசிரியருக்கு அது அவர் விட்டோடிய பாடசாலை. வைத்தியருக்கு அவர் போக மறுக்கும் கிராமத்து ஆஸ்பத்திரி. உத்தியோகத்தருக்கு அவர் நாளைக்கு வா என்று திருப்பியனுப்பும் கிழவி. வழி அங்கே அடைபட்டால் நன்றியுணர்ச்சி செத்துவிடுவதில்லை. அது மாற்று வழி தேடும். கோயில் மதிலிலே பெயர் பொறித்த கல்லாகும். தன் பிள்ளைக்கு நாலு ரியூசன் ஆகும். அயல் விளக்கின் இழையினூடாகத் திரும்பப் பார்த்த மின்சாரம் போல, இதுவும் மங்கிய ஒளியையே தரும்.

இன்னொரு செய்தியையும் மாணவர் கவனிக்க வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் வருவதும் நின்றுபோகின்றது. கொடுப்பது பெற்ற பின்னர் செய்யும் தருமம் என்று நாம் நினைக்கின்றோம், அது தவறு. கொடாதவன் பெறவும் இயலாதவனாகின்றான். மலையை விட்டு வந்தபின் நாம் கற்பித்த தமிழிலே ஏதோ ஒன்று மங்கியிருந்தது. குமிழை மாற்றுவது போலப் பாடக்குறிப்பை மாற்றினோம், பயனில்லை. காரணம் இப்போது தெரிகின்றது.

தெரிந்தது போதுமா? போதாது. அந்தப் பாடசாலையின் அதிபருக்கு எழுதியிருக்கின்றோம். வரும் விடுமுறையிலே பத்து நாள் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வருகின்றோம் என்று. பத்து நாள், விட்டுவந்த காலத்துக்கு ஈடாகாது. அந்த முப்பத்தொருவருக்கும் அது போய்ச் சேராது. அவர்களின் தம்பி தங்கையருக்குச் சேரும். கடிதம் எழுதிய பெண்ணுக்கும் பதில் எழுதினோம். அது கூலிக் கணக்கைச் சேர்ந்தது. நேரே கொடுக்க வேண்டியது.

வண்டியின் விளக்கு இப்போது எரிகின்றது. இரவிலே பெற்றோல் முள் எங்கே நிற்கின்றது என்பது தெரிகின்றது. மோட்டார்ச் சைக்கிளோ ஓட்டோவோ வல்லை வெளியிலே நின்றால் கொடுப்பதற்கென்று பின்னிருக்கையின் கீழே ஒரு வெறும் போத்தலும் குழாயும் வைத்திருக்கின்றோம்.

கராச்சிலிருந்து புறப்படும்போது முதியவர் சொன்னதை இங்கே எழுதி முடிக்கின்றோம்: “வாடைக்குப் பிறகு ஒருக்கால் கொண்டுவாருங்கோ மாஸ்ரர். சுரண்டினதுதான், ஆனால் கறள் திரும்பவும் வரும்.”